‘சுட்டாங்களாம்’ எங்கே போயிற்று?

இளங்கலை வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கு நான்கு ஆண்டுகளாக ஒரு பணி கொடுத்து வருகிறேன். எளிய மனிதர் ஒருவரின் வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டுக் கைப்பேசியில் பதிந்து, அதை எழுத்தில் பெயர்த்து, ஆராய்ந்து எழுத வேண்டும். முதல் இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளில் பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயியும், கடலூர் முதுநகரில் மீன் விற்கும் அம்மாவும், புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஓய்வுபெற்று இருக்கும் மில் தொழிலாளியும் ஒரே குரலில், அதுவும் பாடநூல் குரலில் பேசியிருந்தார்கள். சந்திப்பிழைகூட இல்லையே என்று மகிழ்ந்து மதிப்பெண்ணை அள்ளிப் போட்டவன் நான்தான்.

மூன்றாம் ஆண்டு, ஒரு மாணவர் தம் ஒலிப்பதிவை வகுப்பில் ஓடவிட்டபோது, அவர் எழுதிய தாள் என் கையில் இருந்தது. மில் தொழிலாளி 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியின் சவானா மில்லில் பிரெஞ்சு அரசின் காவலர்கள் நடத்திய துப்பாக்கிச்சூட்டைப் பற்றிச் சொல்கிறார். “அன்னிக்குப் பன்னெண்டு பேரைச் சுட்டாங்களாம். எங்கப்பா உள்ளதான் இருந்தாராம்.” தாளில் இருந்ததோ, “அன்று பன்னிரண்டு தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். என் தந்தை ஆலைக்குள் இருந்தார்” என்பது. எண்ணிக்கை சரி, தேதி சரி, ‘ஆம்’ மட்டும் இல்லை. தான் கண்டதன்று, கேட்டது என்பதை ஓரசையில் ஒப்புக்கொள்ளும் அந்த ‘ஆம்’தான் சான்றின் தன்மையையே சொல்வது. மாணவர் அதைப் பேச்சுவழக்குக் கொச்சை என்று களைந்துவிட்டார்.

இன்னும் பத்து நிமிடம் கேட்டோம். சங்கு ஊதியதும் ஊரே எழுந்துகொண்ட காலம், மூன்று ஷிப்ட், பஞ்சுத் தூசி என்று தம் சொந்த வேலைக்காலத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவர், திடீரென்று, “எங்களைச் சுட்டான் வெள்ளைக்காரன், அதுக்கப்புறந்தான் எட்டு மணி நேர வேலை வந்துச்சு” என்றார். அந்தத் துப்பாக்கிச்சூடு நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை. ‘ஆம்’ உதிர்ந்து, ‘எங்களை’ வந்து அமர்ந்துவிட்டது. அப்பாவின் கதை மகனுடையதாக மாறிய இடம் இது, எங்கே மாறியது, அதற்கு முன் எதைப் பேசிக்கொண்டிருந்தார் என்று பார்ப்பதுதான் ஆய்வு என்றேன். அதே மனிதர் மில் மூடப்பட்டதைச் சொல்லும்போது “மூடிட்டாங்க” என்று மட்டுமே சொல்கிறார். சுட்டவனுக்கு ‘வெள்ளைக்காரன்’ என்று பெயர் இருக்கிறது, மூடியவர்களுக்குப் பெயரே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு வகுப்பில் வெகுநேரம் யாரும் பேசவில்லை. எனக்கும் ஒரே விடை தோன்றவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதிதான்: பேசியதைப் பேசியபடியே எழுத வேண்டும். நாற்பது நிமிடப் பதிவை இப்படி எழுத ஒரு முழு நாள் பிடிக்கிறது என்று மாணவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள், பிடிக்கத்தான் செய்யும். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதிய நாட்குறிப்பில் அக்காலத்துப் பேச்சுநடை அப்படியே கிடப்பதைக் காட்டுகிறேன். அவர் எளிய மனிதர் அல்லர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷ், அதாவது மொழிபெயர்ப்பாளர். ஆனாலும் அந்த நடையைத் திருத்தி எழுதியிருந்தால் நமக்கு எவ்வளவு போயிருக்கும்! (இதையெல்லாம் நான் இவ்வளவு இலக்கணச் சுத்தமாக எழுதிக்கொண்டிருப்பதைப் பார்த்து என் மாணவர்கள் சிரிப்பார்கள்.)

நம் மொழியில் இருக்கும் இன்னொரு வசதி ‘நாங்க’, ‘நாம’ என்ற இரண்டு தன்மைப் பன்மைகள். மீன் விற்கும் அம்மாவிடம் இரண்டு மாணவியர் தனித்தனியே போய் 2004 சுனாமியைப் பற்றிக் கேட்டார்கள். நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த பெண்ணிடம், “நாங்க சாமான் செட்டெல்லாம் போட்டுட்டு ஓடினோம், கெவர்மெண்டு நல்லா செஞ்சாங்க” என்றார். தேவனாம்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பெண்ணிடம், “நாம என்ன பிச்சையா கேட்டோம்? லிஸ்டுல பேரு எழுதறதுக்கு எத்தன தடவ நிக்கவச்சாங்க” என்றார். இதில் எது உண்மை என்று வகுப்பில் சண்டையே நடந்தது. இரண்டுமே உண்மைதான். யாரிடம் சொல்கிறோம் என்பதைப் பொறுத்து வாழ்க்கை வேறு முகம் காட்டுகிறது, அதனால் கேட்டவரின் ஊர், சாதி, வயது, அவர் கேட்ட கேள்வி எல்லாம் கட்டுரையில் இடம்பெற வேண்டும். பெண்ணிடம் கேட்ட கேள்விக்குத் திண்ணையிலிருந்து கணவர் பதில் சொன்னால் அதையும் எழுதவேண்டும்.

இந்த ஆண்டு எங்களை மிகவும் அலைக்கழித்தது ஒரு கல்யாணத் தேதி. பண்ருட்டிக்கு அருகிலுள்ள ஒரு ஊரில் ஒரு மாணவி தன் பாட்டியிடம் கேட்டு எழுதினாள். “தானே அடிச்ச வருஷம் பெரிய பொண்ணுக்குக் கண்ணாலம் முடிச்சேன்” என்கிறார் பாட்டி. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய தானே புயலில் அந்தப் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. ஆனால் வீட்டுப் பெட்டியில் இருந்த அழைப்பிதழில் 2009 என்றிருந்தது. மாணவி பாட்டியின் வாக்கியத்தைத் திருத்தி 2009 என்று எழுதிவிட்டு, அடியில் ‘நினைவுப் பிழை’ என்று குறித்திருந்தாள்.

அவளுக்கு வேறோர் ஊரின் கதையைச் சொன்னேன். இத்தாலியின் டெர்னி நகரில் லூயிஜி டிராஸ்டுல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி 1949 மார்ச் 17 அன்று நேட்டோவுக்கு எதிரான ஊர்வலத்தில் காவலரால் சுடப்பட்டு இறந்தார். பிற்காலத்தில் அலெஸ்ஸாண்ட்ரோ போர்டெல்லி என்ற ஆய்வாளர் அங்குள்ள முதியவர்களைக் கேட்டபோது, பலர் அந்த மரணத்தை 1953இல், ஆலையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் வேலைநீக்கம் செய்யப்பட்டபோது நடந்த தெருப்போராட்டத்தில் வைத்துச் சொன்னார்கள். அதைத் தவறு என்று அவர் தள்ளவில்லை, ஏன் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்று கேட்டார். இதைச் சொன்ன மறுநிமிடமே மாணவி, “அப்போ பாட்டிக்கும் புயல்தான் பெரிய துக்கம், அதனால கல்யாணத்தையும் அங்க வச்சிட்டாங்க” என்று முடிவு கட்டிவிட்டாள். பாதி விளக்கத்தில் மனம் நிறைந்துவிடுவதுதான் எனக்குக் கவலை தருவது. பாட்டியையே போய்க் கேள் என்றேன்.

அழைப்பிதழைப் பார்த்த பாட்டி கொஞ்சமும் அசரவில்லையாம். கல்யாணக் கடனை மூன்று வெள்ளாமை முந்திரியில் அடைப்பதாகப் பேச்சு, இரண்டு வெள்ளாமையில் வட்டிதான் கட்டினார், மூன்றாவது வருவதற்குள் மரம் போயிற்று. “அதுவரைக்கும் அது கண்ணாலச் செலவு. மரம் போனப்புறந்தான்டி அது கடனாச்சு” என்றிருக்கிறார்.

மாணவி திருத்தி எழுதிய தாளில் இப்போது 2009ம் இருக்கிறது, ‘தானே அடிச்ச வருஷ’மும் இருக்கிறது. ‘நினைவுப் பிழை’ என்ற சொல்லை அவளே அடித்திருக்கிறாள். பாட்டியின் ‘கண்ணாலம்’ மட்டும் மறுபடியும் ‘திருமணம்’ ஆகியிருந்தது, அதைச் சுழித்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.