பச்சை ஜோக்கும் ஒன்றரை மணி நேரமும்

மார்ச் 2, 2025, ஞாயிறு

தம்பி வீட்டில் இரவு 'மூவி 43' பார்த்தோம். 2013இல் வந்த அமெரிக்கப் படம். ஹியூ ஜாக்மன், கேட் வின்ஸ்லெட், ஹாலி பெர்ரி, ரிச்சர்ட் கியர் என்று பெயர்களைப் படித்தால் ஆஸ்கர் விழாவின் முன்வரிசையை அப்படியே தூக்கிவந்தது போல இருக்கிறது. குட்டிக் குட்டிக் கதைகளைக் கோத்து, ஆளுக்கொன்றாகப் பல இயக்குநர்கள் எடுத்தது. முந்தைய கதையைவிட அடுத்தது அருவருப்பாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவர்களுக்குள் வேறு உடன்பாடு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு கதையில் கேட் வின்ஸ்லெட்டுக்கு நல்ல வரன் அமைகிறது. அழகன், வசதியானவன். உயர்தர உணவகத்தில் உட்கார்ந்ததும் கழுத்துத் துணியை அவிழ்க்கிறான். ஆண்களுக்குக் கீழே இருக்க வேண்டியது அவனுக்குத் தொண்டையடியில் தொங்குகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். தம்பி மனைவி எழுந்துபோய், பிள்ளைகள் தூங்கிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகுதான் சங்கடம். அந்த உறுப்பு அவனுக்கும் தெரியவில்லை, பரிமாறுபவருக்கும் தெரியவில்லை, பக்கத்து மேசைக்காரர்களுக்கும் தெரியவில்லை. அவள் கண்ணுக்கு மட்டும்தான் தெரிகிறது. எனவே ஒருவரும் கூசவில்லை. துணியை அவிழ்த்த கணத்தில் எவ்வளவு சிரிப்பு இருந்ததோ அதில் பாதியை வைத்து மிச்சக் கதையை ஒப்பேற்றுகிறார்கள். படம் 94 நிமிடம். பாதியிலேயே தம்பி கைப்பேசியை எடுத்துவிட்டான். அந்த ஆண்டின் மோசமான படம், இயக்கம், திரைக்கதை என்று மூன்று ராஸி விருதுகளும் இதற்கே கிடைத்தன. பச்சை ஜோக்கை ஒன்றரை மணி நேரம் இழுக்க முடியாது என்று தம்பியிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 5, புதன்

தம்பி தொலைபேசியில் அழைத்தான். "அக்கா, அந்தப் படத்தை வைத்து முடிவுக்கு வராதே. இந்த மாதிரி ஜோக்குக்குக் கதையே தேவையில்லை. சுருக்கமாக முடித்துவிட்டால் போதும்" என்கிறான்.

அவன் சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு. 'போராட்' 84 நிமிடம், 'சவுத் பார்க்' அனிமேஷன் படம் 81 நிமிடம். எடுத்தவர்களுக்கே தங்கள் சரக்கு எவ்வளவு நேரம் தாங்கும் என்று தெரிந்திருக்கிறது. ஆனால் 'தேர்ஸ் சம்திங் அபவுட் மேரி' 119 நிமிடம் ஓடுகிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று கேட்டேன். சனிக்கிழமை வா, பார்த்துவிடலாம் என்றான்.

மார்ச் 8, சனி

'மேரி' 1998இல் வந்தது. பீட்டர், பாபி ஃபாரெல்லி சகோதரர்களின் படம். பார்க்காதவர்களுக்கும் அந்த ஜிப் காட்சியைப் பற்றித் தெரிந்திருக்கும். எனக்கும் கேள்விஞானம்தான் இருந்தது. வெறும் வலி ஜோக் என்றே நினைத்திருந்தேன். முழுதாகப் பார்க்கும்போதுதான் அதன் கட்டுமானம் புரிகிறது.

பல்லில் கம்பி போட்ட பையன் டெட். பள்ளியின் கடைசி நடன விருந்துக்கு மேரியை அழைத்துப்போக அவள் வீட்டுக்கு வந்திருக்கிறான். கழிவறைக்குப் போகிறான். ஜன்னலுக்கு வெளியே கிளையில் இரண்டு பறவைகள். அவற்றைப் பார்த்துப் புன்னகைக்கிறான். பறவைகள் பறந்துபோகின்றன. அவை மறைத்திருந்த இடத்தில் எதிர் அறை தெரிகிறது. அங்கே உடை மாற்றிக்கொண்டிருக்கும் மேரியும் அவள் அம்மாவும் இவனை முறைக்கிறார்கள். எட்டிப் பார்க்கிறான் என்று நினைத்துவிட்டார்களே என்ற பதற்றத்தில் ஜிப்பை இழுக்கிறான், உறுப்பு அதில் மாட்டிக்கொள்கிறது. ஆக, விபத்தையே உண்டாக்குவது கூச்சம்தான்.

பிறகு ஆட்கள் வரத் தொடங்குகிறார்கள். முதலில் மேரியின் வளர்ப்புத் தந்தை. பார்த்துப் பதறிவிட்டு மனைவியைக் கூப்பிடுகிறார். வேண்டாம் சார் என்று கெஞ்சும் பையனிடம், அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், அவளுக்கு எல்லாம் தெரியும் என்று ஆறுதல் சொல்கிறார். பிறகு அந்த அம்மாள். பிறகு ஜன்னல் வழியாக ஒரு போலீஸ்காரர். பிறகு தீயணைப்பு வீரர். ஒவ்வொருவரும் தங்களால் ஆன உதவியைச் செய்யத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு உதவிக்கும் பையனின் மானம் ஒரு பிடி குறைகிறது. காயத்தைக் காமிரா காட்டுவது கண்ணிமைக்கும் நேரம்தான். மற்றபடி முழுக்க முகங்கள். மாட்டிக்கொண்டவன் முகமும், பார்த்தவர்கள் முகமும்.

இதில் ஒரு வேடிக்கை. 'மூவி 43'இன் கழுத்துக் கதையை இயக்கியதும் இதே பீட்டர் ஃபாரெல்லிதான். 1998இல் ஊரையே கழிவறைக்குள் வரவழைத்துப் பார்க்க வைத்தவர், 2013இல் ஒருவரும் பார்க்காதபடி எடுத்தார். அதே ஆள், அதே அளவு அசிங்கம். பார்ப்பவர்கள் போனதும் சிரிப்பும் கூடவே போய்விட்டது. (இவர் பின்னால் 'கிரீன் புக்' எடுத்துச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கினார் என்பதைத் தம்பி நம்பவே இல்லை. தேடிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தான்.)

எல்லாமே எனக்குப் பிடித்துவிடவில்லை. டெட்டின் விந்தைத் தலைக்குப் பூசும் பசை என்று எண்ணித் தடவிக்கொண்ட மேரியின் தலைமுடி நெட்டுக்குத்தாக நிற்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சியில் படம் தான் வைத்த விதியை விட்டுவிடுகிறது. முடியைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை, அவளுக்கும் தெரிவதில்லை. படம் வெளியான நாளில் அதிர்ச்சியே போதுமானதாக இருந்திருக்கும். மேரியின் மனவளர்ச்சி குன்றிய சகோதரன் வாரனை வைத்துச் செய்யும் ஜோக்குகளில் சில இன்று தொண்டையில் நிற்கின்றன. ஆனால் அவனைப் போன்றவர்களைக் கேவலமாகப் பேசும் துப்பறியும் ஆள் ஹீலி, அப்படிப் பேசுவதாலேயே தன்னை அம்பலப்படுத்திக்கொள்கிறான். அங்கே அடி யார்மேல் விழுகிறது என்பதில் படத்துக்குக் குழப்பம் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

நேற்றுப் படம் பார்த்ததிலிருந்து தெருக்கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நினைவாகவே இருக்கிறது. அம்மாவின் ஊர் செய்யாறு பக்கம். சிறுவயதில் அங்கே பார்த்த கூத்தில் கட்டியங்காரன் பேசியதையெல்லாம் இங்கே எழுத முடியாது. முன்வரிசையில் பாட்டிமார்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். ராஜாவையே வம்புக்கு இழுப்பான். துச்சாதனனைப் பார்த்து அவன் கேட்ட கேள்விக்கு இன்றைய தணிக்கையில் எந்தச் சான்றிதழும் கிடைக்காது.

ஆனால் விடிய விடிய நடக்கும் கூத்தில் அவன் பங்கு நடுநடுவே வருவதுதான். பாஞ்சாலி சபைக்கு இழுத்துவரப்படும்போது அவன் அடங்கி ஓரமாக நிற்பான். அந்த அடக்கம் எப்போது என்று அவனுக்குத் தெரியும் என்பதால்தான் மற்ற நேரத்தில் அவனுக்கு அவ்வளவு சுதந்திரம்.

நம் சினிமாவும் வெகுகாலம் இந்த வழியில்தான் போனது. கவுண்டமணி–செந்தில் காலத்து நகைச்சுவைப் பகுதி ஒரு பக்கம், கதை ஒரு பக்கம். இரட்டை அர்த்தத்தையே முழுப்படமாக நீட்டுவது இங்கே பின்னால்தான் துணிச்சலாக நடந்தது. 2018இல் வந்த 'இருட்டு அறையில் முரட்டு குத்து' ஓடியதே என்று தம்பி கேட்கிறான். ஓடியது. ஆனால் அந்தப் படத்துக்கும் ஒரு பங்களாவும் ஒரு பேயும் தேவைப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். பேய் வந்தால் பயம் வரும், பயந்தவர்கள் ஓடுவார்கள், ஓடினால் நேரம் போகும். இரட்டை அர்த்தம் தனியாக நிற்காது என்று எடுத்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

மார்ச் 15, சனி

சவுத் பார்க்கின் 1999ஆம் ஆண்டுப் படம். அனிமேஷன் படங்களில் மிக அதிகமான கெட்ட வார்த்தைகள் கொண்டது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது, எண்ணிக்கை 399.

இந்தப் படத்தின் கதையே நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் விஷயம்தான். குசு ஜோக்குகளை மட்டுமே நம்பி எடுத்த ஒரு கனடா படத்தைப் பார்த்துவிட்டுச் சிறுவர்கள் ஊரெல்லாம் கெட்ட வார்த்தை பேசித் திரிகிறார்கள். தாய்மார்கள் கொதித்தெழுந்து, கடைசியில் அமெரிக்கா கனடாமீது படையெடுக்கிறது. வசைபாடினால் ஷாக் அடிக்கும் சில்லு ஒன்றை கார்ட்மன் என்ற பையனின் தலைக்குள் பொருத்துகிறார்கள்.

வசவுகளின் எண்ணிக்கையைவிட அவை படத்தில் பார்க்கும் வேலையே என்னைக் கவர்ந்தது. தொடக்கத்தில் வசவு பிள்ளைகளுக்கு விளையாட்டு. நடுவில் அதுவே குற்றம்; வாயைத் திறந்தால் தண்டனை. உச்சக்கட்டத்தில் அந்தச் சில்லு பழுதாகி, கார்ட்மன் வசவு பொழியப் பொழிய அவன் கையிலிருந்து மின்னல் பாய்ந்து, வில்லனாக வரும் சதாம் உசேனைத் தாக்குகிறது. முன்பு பல்லைக் கடித்துக்கொண்டு கேட்ட அதே சொற்களுக்கு அங்கே கைதட்டத் தோன்றுகிறது. 399க்கும் ஒரே வேலையைக் கொடுத்திருந்தால் நாற்பதாவதிலேயே படத்தை நிறுத்தியிருப்பேன். நல்ல பாட்டுகளும் இருக்கின்றன. கனடாவைக் குற்றம்சாட்டும் பாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது.

மார்ச் 16, ஞாயிறு

'போராட்' (2006). பொய்யான கசாக் நிருபராக சாஷா பாரன் கோஹன் அமெரிக்காவைச் சுற்றி, நடிப்பு என்று தெரியாத மனிதர்களிடம் வம்பு வளர்க்கும் படம்.

தென்மாநிலத்தில் ஒரு விருந்து. கண்ணியமான வெள்ளையர்கள். கழிவறைக்கு மாடிக்குப் போன போராட், போன காரியத்தின் விளைவை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பி வருகிறான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனால் அந்த வீட்டம்மாள் கோபப்படவில்லை. அவனை மேலே அழைத்துப்போய், கழிவறையை எப்படிப் பயன்படுத்துவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிறார். சற்று நேரத்தில் அவன் அழைத்திருந்த விருந்தாளி வருகிறாள். கறுப்பினப் பெண், பாலியல் தொழிலாளி என்ற வேடம். அத்துடன் விருந்து முடிந்தது, அனைவரும் எழுந்துவிடுகிறார்கள். பையைப் பொறுத்தவர்கள் அவளைப் பொறுக்கவில்லை. தொழில் காரணமா, நிறம் காரணமா என்று படம் சொல்லாமல் விட்டுவிடுகிறது.

இங்கே அசிங்கம் அளவுகோலாகிவிட்டது. ஒன்றரை மணி நேரம் தாங்குவது அதனால்தான்.

ஆனால் வேறொன்று மனதை அரிக்கிறது. கசாக்ஸ்தான் கிராமம் என்று காட்டப்படுவது ருமேனியாவின் குளோட் என்ற ஏழைக் கிராமம். ஆவணப்படம் என்று சொல்லித்தான் எங்களைப் படமெடுத்தார்கள் என்று அந்த மக்கள் பின்னால் குமுறினார்கள். வழக்குப் போட்டார்கள், நிற்கவில்லை. விருந்தில் கூனிக் குறுகியவர்கள் வசதியானவர்கள், ஒருநாள் கூத்து என்று மறந்துவிடலாம். குளோட் மக்கள் என்ன ஜோக் என்றே தெரியாமல் அதற்குள் நின்றார்கள். அந்தப் பகுதிக்கு நான் சிரித்தேன் என்பதும் உண்மை.

மார்ச் 22, சனி

'பிரைட்ஸ்மெய்ட்ஸ்' (2011), 125 நிமிடம். இந்த முறை தம்பி மனைவியும் எழுந்துபோகாமல் முழுதாகப் பார்த்தாள்.

விலையுயர்ந்த மணப்பெண் ஆடைக் கடை. தோழியர் எல்லோருக்கும் வயிறு கலங்குகிறது. மதியம் அவர்களை மலிவான உணவகத்துக்கு அழைத்துப்போனவள் ஆனி. உணவுதான் காரணம் என்று ஒப்புக்கொண்டால் அவள் ஏழ்மை அம்பலமாகிவிடும். பக்கத்தில், மணப்பெண்ணின் நட்புக்கு ஆனியோடு போட்டி போடும் ஹெலன், அந்த உணவைத் தொடாதவள், திடமாக நிற்கிறாள். உள்ளே கழிவறையில் மற்றவர்கள் படும் பாட்டை விவரிக்க வேண்டாம். வெளியே ஹெலன் ஒரு சர்க்கரை பாதாமை நீட்டுகிறாள். பசித்தால் சாப்பிடேன் என்கிறாள். ஆனி வெளிறிப்போய், வியர்வை வழிய, அதை வாயில் போட்டு மென்று விழுங்கிக் காட்டுகிறாள்.

எனக்கு அந்தப் பாதாம் ஒன்றே போதும், உள்ளே நடந்ததைக் காட்டியிருக்க வேண்டியதில்லை என்றேன். தம்பி மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. "உள்ளே நடப்பது தெரியாவிட்டால் அந்தப் பாதாமைப் பார்த்து எப்படி அண்ணி பயப்படுவது?" என்று கேட்டாள். கை கழுவும் தொட்டிமேல் ஒருத்தி ஏறி உட்கார்ந்ததைப் பார்த்த பிறகுதான், ஆனி விழுங்கும்போது தனக்கு வயிற்றைப் பிசைந்ததாம்.

அடுத்த சனிக்கிழமைக்கான படத்தை அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்று தம்பி விட்டுவிட்டான்.