தமனியின் வெளிச்சுவர்க்காரர்கள்

தமனி என்றாலே எல்லோரும் உள்சுவர் செல்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். வெளிச்சுவரில் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து குழாயைத் தாங்குகிற ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களை யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கு இவைதான் பிடிக்கும். இந்தச் செல்களை உறையவைத்த குப்பியைத் திரவ நைட்ரஜனிலிருந்து எடுத்து 37 டிகிரி நீரில் சட்டென்று உருக்கி (துளி பனி மிச்சமிருக்கும்போதே எடுத்துவிடுங்கள்), வளர்ப்பு ஊடகத்தில் (செல்களுக்கான சத்துத் திரவம்) விட்டு 5% கார்பன் டை ஆக்சைடில் வைத்தால், மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் இரு முனையும் கூராக, நீள நீளமாகத் தட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அழகு!

ஆனால் நம்பிவிடக் கூடாது. கடினமான பிளாஸ்டிக் தட்டே இவற்றை மயோஃபைப்ரோபிளாஸ்ட்டாக (தசைபோலச் சுருங்கும் வகை) மாறத் தூண்டும்; அந்த மாற்றத்தின் அடையாளப் புரதமான ஆல்ஃபா ஸ்மூத் மசில் ஆக்டின் இருக்கிறதா என்று பார்க்காமல் சோதனையைத் தொடங்குவது வீண்.

அப்புறம் வயது. கருவிலிருந்து எடுத்த ஃபைப்ரோபிளாஸ்ட்டுகளே சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று ஆய்வாளர்கள் ஹேஃப்ளிக்கும் மூர்ஹெட்டும் 1961-லேயே காட்டிவிட்டார்கள், எனவே ஆரம்பப் பாசேஜ்களிலேயே (செல்களைப் புதுத் தட்டுக்கு மாற்றும் ஒவ்வொரு சுற்றும் ஒரு பாசேஜ்) வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.