பிரசவ அறையிலேயே முடிவாகும் தரம்

மாதிரி வங்கி (ஆய்வுக்காக நஞ்சுக்கொடி, தாயின் ரத்தம் போன்றவற்றைச் சேமித்து வைக்கும் இடம்) என்றாலே எல்லோருக்கும் ஃப்ரீசர்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாதிரி தேறுமா என்பது பிரசவ அறையிலேயே முடிவாகிவிடுகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்த நொடியிலிருந்து அதிலுள்ள ஆர்என்ஏ (மரபணுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறு) சிதையத் தொடங்கும். முடிந்தவரை அரை மணி நேரத்துக்குள் நான்கைந்து இடங்களில் சிறு துண்டுகளாக வெட்டி, உப்புக்கரைசலில் ரத்தம் போகக் கழுவி, திரவ நைட்ரஜனில் உறையவைக்க வேண்டும். ஒரே இடத்தில் வெட்டினால் போதாது; நஞ்சுக்கொடி எல்லாப் பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. பிறகு மைனஸ் 80 டிகிரி.

தாயின் பிளாஸ்மாவை (ரத்த அணுக்கள் நீங்கிய திரவப் பகுதி) அரை மில்லி குப்பிகளாகப் பிரித்து வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்ப உருக்கினால் புரதங்கள் கெடும். எடுத்த நேரம், உறைந்த நேரம், கர்ப்ப வாரம் இல்லாத குப்பியால் பெரிதாகப் பயனில்லை.

சேமிப்பின் பலனுக்கு ஓர் உதாரணம்: ப்ரீஎக்ளாம்ப்சியா (கர்ப்பகாலத்தில் ரத்த அழுத்தம் ஆபத்தாக உயரும் நோய்) வெளிப்படுவதற்குச் சுமார் 5 வாரம் முன்பே எஸ்எஃப்எல்டி-1 புரதம் ரத்தத்தில் ஏறுவதை 2004இல் காட்டியது, கால்சியம் பற்றிய வேறொரு ஆய்வுக்காகச் சேமித்த ரத்தம்தான்!

ஒன்று மட்டும்: வலியில் துடிக்கும் பெண்ணிடம் கையெழுத்து கேட்காதீர்கள். கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே நிதானமாக விளக்கி ஒப்புதல் வாங்குங்கள். குழந்தை வளர்ந்து மேஜரானதும் அவர்களிடமும் கேளுங்கள்.