தினமும் ஓட்ட ஒரு செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார்: கோவை - திருப்பூர் ரோட்டுக்கு எது சரி?

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் கார் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது ஓடோமீட்டரைத்தான். எட்டு வருஷ வண்டி, ஓடியது வெறும் 11 ஆயிரம், ஒரே ஓனர், எப்போதும் கவர் போட்டு வைத்தது என்று விளம்பரம் வந்தால் கை பரபரக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் எடுக்கிறவருக்கு அந்த வண்டி சரியாக இருக்கலாம். தினமும் வேலைக்கு எடுத்துப் போக வேண்டும், தொழிலுக்கும் அதுதான் வண்டி என்றால் அதைத் தொடாதீர்கள். ஐம்பது அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடி, செய்த ஒவ்வொரு வேலைக்கும் பில் வைத்திருக்கிற வண்டியைத் தேடுங்கள். விலையும் குறைவாக இருக்கும், வண்டியும் நன்றாக இருக்கும்.

காரணம் எளிமையானது. நின்ற வண்டி கெடும். ரப்பர் சீல்கள் காய்ந்துவிடும், பேட்டரி சாகும், பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தி உருமாறும். டயரில் பட்டன் ஆழமாக இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது, பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2317 என்றால் 2017-இல் 23-வது வாரத்தில் செய்த டயர், அது எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் பைபாஸில் 100-க்கு மேல் நம்பி ஓட்டக் கூடாது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், டேங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் பம்ப்புக்கும் இன்ஜெக்டருக்கும் நல்லதில்லை. தினமும் ஓடி வாரம் ஒருமுறை டேங்க் நிரப்புகிற வண்டியில் பெட்ரோல் தேங்கிக் கிடக்க வாய்ப்பே இல்லை.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். வீடு கோவையில், பீளமேடு பக்கம். தொழில் திருப்பூரில், பனியன் கம்பெனிகளுக்கு லேபிள், ஜிப், பட்டன் சப்ளை. போக ஐம்பது கிலோமீட்டர், வர ஐம்பது. நீலாம்பூர் தாண்டினால் செங்கப்பள்ளி வரை ஆறு வழிச் சாலை, கருமத்தம்பட்டி, அவிநாசி எல்லாம் பாலத்தில் ஏறி இறங்கிப் போய்விடலாம். 2025 அக்டோபரில் ஜி.டி. நாயுடு பெயரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்ததும் ஊருக்குள் வேலையாகப் போய் வருவதும் சுலபமாகிவிட்டது. இப்படி ஒரு ரோட்டில் தினமும் போகிறவன் நல்ல ஸ்டியரிங், நல்ல பிரேக் உள்ள வண்டிக்கு ஆசைப்படுவதில் தப்பே இல்லை, நாளில் இரண்டு மணி நேரம் அதற்குள்தான் உட்காரப் போகிறோம்.

ஆனால் இந்த வண்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதை ஆறு வழிச் சாலை முடிவு செய்யாது. அவிநாசியில் இறங்கி திருமுருகன்பூண்டி வழியாகத் திருப்பூருக்குள் போய், டையிங் யூனிட்டும் நிட்டிங் யூனிட்டும் இருக்கிற சந்துகளில் நுழைந்து, கம்பெனி கேட்டின் சரிவில் ஏறுகிற கடைசி சில கிலோமீட்டர்தான் முடிவு செய்யும். இதற்குக் கிரவுண்ட் கிளியரன்ஸ் மட்டும் பார்த்தால் போதாது, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உள்ள தூரமான வீல்பேஸையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சாலைகளுக்குத் தரம் வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் விதிப்படி ஸ்பீடு பிரேக்கர் என்பது 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரம் கொண்ட வளைவு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதன் உச்சியில் நிற்கும்போது 2.5 மீட்டர் வீல்பேஸ் உள்ள ஆடி டிடிக்கு நடுவில் சுமார் 4.6 சென்டிமீட்டர் இடைவெளி குறையும், 2.72 மீட்டர் உள்ள ஃபோர்டு மஸ்டாங்குக்கு 5.4. இரண்டுமே தாராளமாகத் தாண்டிவிடும். விதிப்படி போட்டிருந்தால்தான் இந்தக் கணக்கெல்லாம். ஊருக்குள் இருப்பவை ஒரு அடி அகலத்தில் சுவர் மாதிரி எழுந்து நிற்கிறவை, அவற்றில் முழு உயரமும் வயிற்றுக்கு வரும், குறுக்காக ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினால்தான் தப்பும். அதனால் டெஸ்ட் டிரைவை ஷோரூம் வாசலில் முடிக்காதீர்கள். வண்டியை உங்கள் வழிக்கே கொண்டுவரச் சொல்லுங்கள், டேங்க் நிரப்பி, பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பின்னால் சாம்பிள் பெட்டிகளையும் வைத்து ஓட்டுங்கள். காலி வண்டி தாண்டுகிற மேட்டில் பாரம் ஏற்றிய வண்டி உரசும். இதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம் நான் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொண்டேன்.

சரி, எந்தெந்த வண்டிகள்? 30 லட்சத்துக்குள் என்று வைத்துக்கொண்டு தேடினேன்.

போர்ஷே கேமன் மேல்தான் மனசு முதலில் போனது. எஞ்சின் நடுவில் இருப்பதால் வளைவில் அது திரும்புகிற விதமே தனி, முன்னாலும் பின்னாலும் இரண்டு டிக்கி என்பதால் நினைப்பதைவிட அதிகச் சாமான் பிடிக்கும். 987 தலைமுறை வாங்குகிறவர் 2009-க்கு முன், பின் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய எஞ்சினில் ஐஎம்எஸ் என்கிற இடைத்தண்டு பேரிங் உண்டு, அது போனால் எஞ்சினே போகும். 2009-இல் வந்த புது எஞ்சினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள், கூடவே பிடிகே என்கிற டூயல் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் வந்தது. பிந்தையது கிடைத்தால் அருமையான வண்டி. ஆனால் சர்வீஸுக்குக் கொச்சியோ சென்னையோ போக வேண்டும். தொழிலுக்கு வைத்திருக்கிற ஒரே வண்டியை அப்படி அனுப்பிவிட்டு, பார்ட்ஸ் வரும் வரை காத்திருக்க என்னால் முடியாது.

பிஎம்டபிள்யூ இசட்4, 2009-க்குப் பின் வந்த மடிக்கும் கூரை மாடல். 35i என்கிற வகையில் 3 லிட்டர் இரட்டை டர்போ, 306 குதிரைத்திறன், ஆறு சிலிண்டர் சத்தம் கேட்டால் யாருக்கும் ஆசை வரும். அந்த எஞ்சினின் ஹை பிரஷர் பெட்ரோல் பம்ப் உலகம் முழுக்கப் பேசப்பட்ட பலவீனம், மாற்றியதற்கான பில் இல்லாமல் வாங்கக் கூடாது. கூரையை மடித்தால் டிக்கி 310 லிட்டரிலிருந்து 180 ஆகிவிடும், அதாவது சாம்பிள் பெட்டி இருக்கிற நாளில் கூரையைத் திறக்க முடியாது. நம் ஊர் வெயிலில் அதைத் திறப்பதே விடியற்காலையிலும் டிசம்பர் மாதத்திலும்தான், அதற்காக ஹைட்ராலிக் சாமான் இவ்வளவையும் பராமரிக்க வேண்டுமா என்று யோசித்து விட்டுவிட்டேன்.

மஸ்டாங் எனக்கு மிகவும் பிடித்த வண்டி. 2016-இல் இந்தியாவுக்கு வந்தது, கம்பெனியிலிருந்தே வலது பக்க ஸ்டியரிங்குடன் வந்த முதல் தலைமுறை அதுதான். டர்போ இல்லாத 5 லிட்டர் வி8, இங்கே 401 குதிரைத்திறன், சாதாரண டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக். சிக்கல் குறைந்த எஞ்சின். ஆனால் 1.9 மீட்டர் அகலத்துக்கு மேல் இருக்கிற வண்டியைத் திருப்பூர் சந்துக்குள் தினமும் நுழைக்க வேண்டும், பெட்ரோல் கணக்கும் ஆளைப் பயமுறுத்தும். ஃபோர்டு 2021-இல் இந்தியத் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்ததையும் யோசிக்க வேண்டியிருந்தது.

நான் எடுத்தது ஆடி டிடி. மூன்றாம் தலைமுறை, இந்தியாவில் 2015-இல் சுமார் 60 லட்சத்துக்கு வந்தது. 2 லிட்டர் டர்போ, 230 குதிரைத்திறன், நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற குவாட்ரோ, 6 கியர் டூயல் கிளட்ச், 100 கிலோமீட்டர் வேகத்தை 5.3 வினாடியில் தொடும். நீளம் 4.2 மீட்டருக்குள்தான், அதனால் திருப்பூரில் எங்கேயும் நிறுத்தலாம். பின் கதவு கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும், டிக்கி 305 லிட்டர், பின் சீட்டை மடித்தால் 712. அந்தப் பின் சீட்டில் பெரியவர்கள் உட்கார முடியாது, அதை மடித்தே வைத்திருக்கிறேன், லேபிள் ரோல் பெட்டிகள் வசதியாகப் போகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமானது எஞ்சின். ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் வண்டியில் இருப்பதும் இதே குடும்பத்து எஞ்சின்தான், அதனால் இதைப் பிரித்துப் பார்த்த மெக்கானிக் கோவையில் இருக்கிறார். கரி மோட்டார் ஸ்பீட்வே என்கிற ரேஸ் டிராக் உள்ள ஊர் இது, ரேஸ் வண்டி தயார் செய்து கை பழகியவர்கள் இங்கே இருப்பது இந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்களுக்குப் பெரிய பலம். ஒரு நாள் கூலி கொடுத்து அப்படி ஒருவரை வண்டி பார்க்கக் கூட்டிப்போவதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

டிடியில் மூன்று விஷயத்துக்குப் பில் கேட்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் 60 ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும். இது ஆயிலில் மூழ்கிய கிளட்ச், உலர் கிளட்ச் வகையைவிட டிராஃபிக்கைத் தாங்கும், ஆனால் ஆயில் மாற்றாவிட்டால் தாங்காது. அடுத்தது ஹால்டெக்ஸ், பின் சக்கரங்களுக்குச் சக்தி அனுப்புகிற யூனிட். அதன் பம்பில் ஒரு சிறு வலை இருக்கும், கிளட்ச் தூசியில் அடைத்துக்கொள்ளும், அடைத்தால் பம்ப் எரிந்து வண்டி சத்தமில்லாமல் முன் சக்கர வண்டியாகிவிடும், ஓனருக்கே தெரியாது. ஆயிலை மட்டும் மாற்றி வலையைச் சுத்தம் செய்யாமல் விடுகிறவர்கள் நிறைய. மூன்றாவது தெர்மோஸ்டாட்டும் வாட்டர் பம்பும் சேர்ந்த பிளாஸ்டிக் பாகம், அது கசியும், கூலன்ட் அளவு குறைந்திருக்கிறதா, எஞ்சின் பக்கவாட்டில் இளஞ்சிவப்புக் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

தாழ்வான வண்டிதான் வெள்ளத்தில் முதலில் மூழ்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சென்னை வண்டி என்றால் 2015, 2023 டிசம்பர்களில் அது எங்கே நின்றது என்று கேளுங்கள். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும், சீட்டுக்கு அடியில் அதை முன்பின் நகர்த்தும் இரும்புத் தடத்தில் துரு தெரியும். டெல்லி வண்டி மலிவாக வரும். அங்கிருந்து வாங்கினால் என்.ஓ.சி. எடுத்து, இங்கே வண்டியின் வயசுக்கு ஏற்ப ஆயுட்கால வரி மறுபடியும் கட்ட வேண்டும். 2023 இறுதியிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதுக் காருக்கே 20 சதவீதம் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் போட்டால், அந்த மலிவில் பெரும்பகுதி ஆர்.டி.ஓ. ஆபீஸிலேயே கரைந்துவிடும். நான் தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டிகளை மட்டும்தான் பார்த்தேன்.

தொழில் கணக்கு பற்றி நண்பர்கள் நிறையக் கேட்கிறார்கள். கம்பெனி பேரில் வாங்கினால் ஜிஎஸ்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். நம்மைப் போன்றவர்கள் தொழிலுக்கு ஓட்ட வாங்குகிற காருக்கு அது கிடையாது, பதிமூன்று பேர் வரை உட்கார்கிற வண்டிகளுக்கு அந்த வரவு அடைக்கப்பட்டிருக்கிறது. கிடைப்பது வருமான வரிக் கணக்கில் தேய்மானக் கழிவு, வருஷத்துக்கு 15 சதவீதம், குறைந்துகொண்டே போகிற மதிப்பின் மேல். நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் வருஷம் அதில் பாதிதான், ஆகையால் அக்டோபருக்கு முன் வாங்குவது நல்லது. சொந்த உபயோகப் பங்கையும் கழிக்க வேண்டும், குடும்பத்தோடு ஊட்டி போனதைத் தொழில் பயணம் என்று எழுதாதீர்கள். இன்சூரன்ஸில் நோ கிளெய்ம் போனஸ் வண்டியோடு வராது, ஆளோடு போகும், உங்கள் பழைய காரை விற்றபோது சம்பாதித்த போனஸை இதற்குக் கொண்டுவரலாம், கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் யாரும் வெளிப்படையாகப் பேசாத ஒன்று. சப்ளையர் தொழிலில் இருக்கிறவன் எந்த வண்டியில் போய் இறங்குகிறான் என்பதைப் பார்ட்டி கவனிக்கிறார். பேமென்ட் மூன்று மாதம் தள்ளிப்போய் வசூலுக்குப் போகும்போது, வாசலில் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார் நின்றால் உங்களுக்குப் பணத் தேவை இருக்கிறது என்று அவர் நம்பமாட்டார். ரேட் குறைக்கச் சொல்லியும் நெருக்குவார். அதனால்தான் அடர் சாம்பல் நிறத்தில் எடுத்தேன், சைலன்ஸர் மாற்றவில்லை, ஸ்டிக்கர் எதுவும் இல்லை. திருப்பூரில் வண்டி ஞானம் உள்ளவர்கள் மட்டும்தான் திரும்பிப் பார்க்கிறார்கள், அவர்களோடு பேச்சு தொடங்க அது நல்ல காரணமாகவும் இருக்கிறது. வெளிநாட்டு பையர் விமான நிலையத்தில் இறங்கும் நாளில் வாடகை இன்னோவா சொல்லிவிடுவேன். மாதத்தில் என்றோ வருகிற விருந்தாளிக்காக மற்ற எல்லா நாளும் எனக்குப் பிடிக்காத வண்டியை ஓட்ட நான் தயாராக இல்லை. உங்களுக்குத் தினமும் நான்கு பேரை ஏற்ற வேண்டும் என்றால் மட்டும் டிடியை விட்டுவிட்டு ஆக்டேவியா ஆர்எஸ் தேடுங்கள், 590 லிட்டர் டிக்கி, நான்கு கதவு. 2020-இல் வந்த 245 குதிரைத்திறன் மாடல் நாடு முழுக்க 200 வண்டிதான் வந்தது, ஓனர்கள் லேசில் விற்பதில்லை, கண்ணில் பட்டால் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கோவை, ஈரோடு, சேலம் பக்கம் யாராவது டிடி பார்க்கிறீர்கள் என்றால் ஹால்டெக்ஸ் பில்லை முதலில் கேளுங்கள், அதில் வலை சுத்தம் செய்ததாகத் தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதவில்லை என்றால் அந்த வேலைக்கான செலவை விலையில் குறைத்துக்கொண்டு, வண்டியை வீட்டுக்கு எடுத்து வரும் வழியிலேயே செய்துவிடுங்கள்.