பெயர் வேண்டாம், ஒரு குடும்பம்

சனிக்கிழமை காலை. நைட் டியூட்டி முடிந்து நேராக சபை ஹாலுக்குப் போயிருந்தேன். உள்ளே பேக்கன் வறுபடும் வாசனை. எதிரே உட்கார்ந்திருந்த மனிதர் பன்னில் வழிந்த சாஸை விரலால் துடைத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில், "இந்த வாரம் எந்தப் பாவத்தோடு போராட்டம்?" என்று கேட்டார். என் காதில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவரும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தார்.

"அம்மாவுக்கு சுகர் கூடுதலா இருக்கு, அதுக்கு ஜெபிச்சுக்கோங்க" என்றேன்.

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், முதலூர் பக்கம் பிறந்த எந்த ஆம்பளையும் இதைத்தான் சொல்லியிருப்பான். ஜெபக் குறிப்பு என்றால் அம்மாவின் சுகர், தம்பியின் வேலை, தங்கச்சிக்கு வரன், அப்புறம் மழை. பாவத்தையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், சபையாரோடு சேர்ந்து, புத்தகத்தைப் பார்த்து ஒரே மூச்சில் அறிக்கையிட்டுவிடுவோம். அதற்குமேல் யாரும் தோண்டுவதில்லை.

இங்கிலாந்தில், பிரிஸ்டலில் எங்கள் சபையின் ஆண்கள் ஐக்கியம் மாதம் ஒருமுறை காலைச் சாப்பாட்டோடு கூடும். அதுபோக மூன்று மூன்று பேராகப் பிரித்துவிட்டிருக்கிறார்கள். டிரிப்லெட் என்று பெயர். என் மூவரில் ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், எழுபதைத் தாண்டியவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். எனக்கு வாய் வராது. அவர் என்னைப் பார்க்கும்வரை காத்திருந்துதான் இன்றைக்கும் பேச்சை ஆரம்பிக்கிறேன். இன்னொருவர் பிளம்பர்.

இந்தக் கேள்வி இவர்களாகக் கண்டுபிடித்ததல்ல. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738இல் சிறு குழுக்களுக்கு எழுதிய ஒழுங்கிலேயே, போன கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்பதுதான் முதல் கேள்வி. அடுத்த வருஷம் அவர் கட்டத் தொடங்கிய ஜெபவீடு பிரிஸ்டல் கடைவீதி நடுவில் இன்னும் நிற்கிறது. அந்தக் கட்டடக் கடனை அடைக்க 1742இல் ஆட்களைப் பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்து வாரம் ஒரு பென்னி வசூலித்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் அப்படியே அவரவர் ஆத்தும நிலையையும் விசாரித்தார்கள். அதுவே மெதடிஸ்டுகளின் 'வகுப்புக் கூட்டம்' ஆகிவிட்டது. கட்டட நிதிக்காக வீடுவீடாக ஏறி இறங்குவது எங்கள் ஊரிலும் உண்டு. ஆத்துமாவைப் பற்றி மட்டும் யாரும் கேட்டதில்லை, நோட்டில் தொகையை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்கள் ஊர் ஆண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு ஜெபம், ஒரு வசனம் முடிந்ததும், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசன விருந்தைப் பற்றிய பேச்சு வந்துவிடும். இந்த வருஷம் ஆடு எத்தனை என்று ஆரம்பித்து, போன வருஷம் நெஞ்செலும்பெல்லாம் யார் வீட்டுக்குப் போனது என்பதில் முடியும். எங்கள் போதகர் ஐயர் எழுந்து ஆசீர்வாதம் சொன்னால்தான் அமைதி. சீஷத்துவம், அதாவது இயேசுவின் சீஷனாக வளர்வது என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஊரில் ஒரு சாவு விழுந்தால் பந்தல், பெட்டி, கல்லறைக் குழி எதையும் வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டியதில்லை.

எனக்கு இங்கே பெரிய மனத்தாங்கல் இதில்தான். பிளம்பர் தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி என்னிடம் சொன்னதில் பாதியைக்கூட என் கூடப்பிறந்த அண்ணன் என்னிடம் சொன்னதில்லை. கண்கலங்கச் சொன்னார். அவர் வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒருநாள், "வீட்டுக்கு வாங்களேன்" என்றேன். போனை எடுத்துக் காலண்டரைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, "அடுத்த மாதம் மூன்றாவது வியாழன் சரிப்படுமா?" என்றார். சொன்ன நேரத்துக்குப் பூங்கொத்தோடு வந்தார். என் மனைவி பத்துப் பேருக்கு ஆகிற மாதிரி மட்டன் பிரியாணி செய்து வைத்திருந்தாள். ஒன்பது மணிக்கு எழுந்து, கைகொடுத்து, போய்விட்டார். மிச்சப் பிரியாணியை ஞாயிற்றுக்கிழமை வரை சாப்பிட்டோம்.

போன குளிர்காலத்தில் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். ஜெபிக்கிறோம் என்று செய்திகள் வந்தன, கைகூப்பும் படத்தோடு. பொய்யில்லை, ஜெபித்திருப்பார்கள். பள்ளிக்கூட நாளில் எனக்கு டைபாய்டு வந்தபோது ஆண்கள் சங்கச் செயலாளர் இளநீரோடு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் திருச்சபை நிர்வாகத்துக்கு நடக்கும் டயோசீசன் தேர்தலைப் பற்றியே பேசினார். காய்ச்சலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளும் வந்தார்.

பிரிஸ்டலில் வேலை என்றதும் அப்பா சந்தோஷப்பட்ட ஒரே காரணம், ஜெபத்தையே நம்பி இங்கே அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லர். ஞாயிறு பள்ளியில் அவர் கதையைக் கேட்காமல் எங்கள் பக்கம் யாரும் வளர்வதில்லை. வெறும் தட்டை வைத்து ஜெபித்ததும், ரொட்டிக்காரர் கதவைத் தட்டியதும், பால் வண்டி வாசலில் உடைந்து நின்றதும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வோம். ஆஷ்லி டவுனில் அவர் கட்டிய ஐந்து அநாதை இல்லங்களையும் பார்க்கப் போனேன். பெரிய பெரிய கல் கட்டடங்கள். சிலவற்றில் இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பு. வாசலில் கார் கழுவிக்கொண்டிருந்த ஒருவர் என்னை வீடு வாங்க வந்தவன் என்று நினைத்துவிட்டார்.

தேவையை மனிதனிடம் சொல்லாதே, கர்த்தரிடம் மட்டும் சொல் என்பது முல்லரின் கொள்கை. வெஸ்லியோ எல்லாவற்றையும் பக்கத்தில் இருப்பவனிடம் சொல்லச் சொன்னவர். இரண்டு பேரும் ஊழியம் செய்தது இதே ஊரில். எங்கள் ஊர் ஆம்பளைகள் மொத்தமும் முல்லர் கட்சிதான். ஆனால் ஒன்று, முல்லர் வருஷா வருஷம் அறிக்கை அச்சடித்து வெளியிட்டார். படித்தவனுக்கு நிலைமை புரியாமலா போகும்?

இப்போது எனக்கும் பழகிவிட்டது. என் முறை வரும்போது என் கோபத்தைப் பற்றிச் சொல்கிறேன், மனைவியிடம் எரிந்துவிழுந்ததைச் சொல்கிறேன். அவர்கள் மாதிரியே மெதுவான குரலில் ஜெபிக்கவும் வருகிறது. காசு விஷயம் வந்தால் மட்டும் அப்பா நினைவு வந்துவிடும்.

அக்கா கல்யாணத்துக்கு அப்புறம் அப்பா கடனில் மாட்டியிருந்தார். வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து, "பெயர் வேண்டாம். ஒரு குடும்பம் பண நெருக்கடியில இருக்கு, நினைச்சுக்கோங்க" என்றார். ஒருவரும் அவர் பக்கம் திரும்பவில்லை. எல்லாருக்கும் புரிந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மறுநாள் விடியற்காலையில் ரைஸ்மில் மாமா ஏணி இரவல் கேட்டு வந்தார். அவர் மில்லில் இல்லாத ஏணியா? போன பிறகு பார்த்தால் அப்பாவின் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் ஒரு கவர்.

இந்த வருஷம் என் மனைவியின் வேலை போனது. ஊரில் கட்டுகிற வீட்டுக்கு வாங்கிய கடன் வேறு. போன மாதம் என் முறை வந்தபோது, "பெயர் வேண்டாம், ஒரு குடும்பம்" என்று ஆரம்பித்தேன். இருவரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தார்கள். அந்தக் குடும்பத்துக்கு நல்ல நண்பர்களைக் கொடும் ஆண்டவரே என்றுகூட டிரைவர் மன்றாடினார்.

அடுத்த வாரம் வந்ததும் வராததுமாக, "அந்தக் குடும்பம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார்.

"பரவாயில்லை, கர்த்தர் நடத்துகிறார்" என்றேன்.

பிளம்பர் போனை எடுத்தார். அவர்களுக்கு சூப்பர்மார்க்கெட் வவுச்சர் அனுப்பலாம் என்று யோசித்து வைத்திருக்கிறாராம், முகவரி வேண்டுமாம். கொடுத்தால் அவருக்கே தெரிந்துவிடும், அங்கேதான் ஒரு வியாழக்கிழமை பிரியாணி சாப்பிட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.