எல்.சி.யை அவசரப்பட்டு வாங்காதீர்கள்

பள்ளிக்கூடம் போகிற பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் தாராவி வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வேலை நடக்கும். பெண்ணைத் திருநெல்வேலிப் பக்கம் ரயிலேற்றுவார்கள். பள்ளிக்குப் போய் லீவிங் சர்டிபிகேட்டை (எல்.சி.) வாங்கிவிடுவார்கள். ஊருக்குப் போனவள் திரும்பி வந்துவிடலாம். எல்.சி. வாங்கியவளின் பெயர் பதிவேட்டில் இருக்காது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு புதுப் பள்ளியில் இடம் கேட்டு நிற்பது லேசில்லை.

எல்.சி.க்குப் பதில் விடுப்புக் கடிதம் கொடுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலை இணைத்துத் தலைமையாசிரியரிடம் நேரில் கொடுத்து, இன்னொரு பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை பிள்ளையைப் பள்ளியைவிட்டு நீக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. ஒன்பது, பத்தில் அந்தக் காவல் கிடையாது. 75 சதவீத வருகை வேறு குறுக்கே நிற்கும். வருகை குறைந்தால், பெயரை எடுக்காமல் அடுத்த வருஷம் அதே வகுப்பில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு வருஷம் போனாலும் பரவாயில்லை. பத்தாவதை மாநில போர்டில் தனித்தேர்வராக எழுத 17 நம்பர் பாரம் நிரப்பும்போது எல்.சி. தேவைப்படும், அப்போது வாங்கினால் போதும். அந்தப் பாரத்துக்கான கடைசித் தேதி பரீட்சைக்குப் பல மாதம் முன்பே முடிந்துவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

போலீஸ் பயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெண்ணுக்கு 18 ஆகவில்லை என்றால் ஆஸ்பத்திரி போலீசுக்குத் தெரிவித்தே தீர வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு டாக்டர், டீச்சர் எல்லோருக்கும் பொருந்தும். கல்யாணம் ஆகியிருந்தாலும் அப்படித்தான். இதற்குப் பயந்து செக்கப்புக்கே போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. இந்த வயதில் ரத்தசோகையும், கொதிப்பு ஏறி வலிப்பு வருவதும் உயிரையே எடுக்கும். குழந்தைகள் உதவி எண் 1098க்குப் பேசுங்கள். குழந்தைகள் நலக் குழுவிடம் துணைக்கு ஓர் ஆள் கேளுங்கள். சட்டப் பணிகள் ஆணையத்தில் இலவச வக்கீல் கிடைப்பார். கருவைத் தொடர வேண்டாம் என்று அவள் நினைத்தால் 24 வாரம்வரை சட்டம் இடம் கொடுக்கிறது; பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று அவளும் பெற்றவர்களும் கேட்டுக்கொண்டால், 2022 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி டாக்டர் அவள் பெயரைப் போலீசிடம் சொல்ல வேண்டியதில்லை. மானத்துக்குப் பயந்து அவசரக் கல்யாணம் செய்துவைக்காதீர்கள். அப்படி நடந்திருந்தால், அவளுக்கு 20 வயது நிறைவதற்குள் அதை ரத்து செய்யச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம்.

பள்ளிக்குத் திரும்பவே முடியாது என்கிற நிலையில், வீட்டிலிருந்தே படித்துப் பரீட்சை எழுத என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. தாய்மாருக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரிந்து இல்லை. 14 வயது நிறைந்திருந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம். எட்டாம் வகுப்புச் சான்று இல்லையென்றால் சுய உறுதிமொழி போதும். பாடம் ஐந்து. ஒருமுறை பதிந்தால் ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது தடவை பரீட்சை எழுதலாம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு. ஒவ்வொரு பாடத்துக்கும் 33 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. தேறிய பாடம் தேறியதுதான், திரும்ப எழுத வேண்டாம். வேறு போர்டில் பத்தாவது எழுதித் தவறியிருந்தால், அதில் தேறிய இரண்டு பாடங்களை இங்கே மாற்றிக்கொள்ளலாம். சேரும்போதே பழைய மார்க் ஷீட்டைக் காட்டிக் கேட்க வேண்டும். பத்தாவதைத் தமிழிலேயே எழுதலாம்.

தவறு நடப்பது மூன்று இடத்தில். ஐந்து பாடத்தையும் ஒரே மூச்சில் எழுதப் போவது முதல் தவறு. டிசம்பரில் பிரசவம் என்றால் அக்டோபரில் இரண்டு, ஏப்ரலில் ஒன்று, அடுத்த அக்டோபரில் மீதி இரண்டு என்று பிரித்துக்கொண்டால் மூச்சு விடலாம். அடுத்தது பணம். சேர்க்கைக் கட்டணத்தோடு முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக் கட்டணம் தனி. மூன்றாவது தவறு பெயரில். கல்யாணத்துக்குப் பிறகு ஆதாரில் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டு, பள்ளிச் சான்றில் அப்பா பெயர் இருந்தால் விண்ணப்பம் மாட்டிக்கொள்ளும். சர்டிபிகேட் கைக்கு வரும்வரை ஆதாரைத் தொடாதீர்கள்.

மனையியல், ஓவியம், டேட்டா என்ட்ரி எல்லாம் எடுக்கலாம், கணக்கு கட்டாயமில்லை. ஆனாலும் ஐ.டி.ஐ.யில் பல பிரிவுகளுக்குக் கணக்கும் அறிவியலும் கேட்பார்கள் என்பதால், முடிந்தவள் கணக்கை விடக் கூடாது என்பது என் அபிப்பிராயம். வீட்டில் எழுதி அனுப்பும் ஒப்படைப்புகளுக்கு 20 சதவீதம் மார்க். குழந்தை தூங்கும் நேரத்தில் எழுதி வாங்கக்கூடிய மார்க் அது.

குழந்தையை யார் பார்ப்பது? பால்வாடியில் மூன்று வயதிலிருந்துதான் சேர்ப்பார்கள். அதுவரை எந்த நேரத்தில் யார் பொறுப்பு என்று வீட்டில் உட்கார்ந்து பேசி எழுதிவையுங்கள். தங்கச்சியைப் பள்ளியிலிருந்து நிறுத்திக் குழந்தை பார்க்க வைப்பது கூடவே கூடாது. ஒருத்தி படிப்புக்காக இன்னொருத்தி படிப்பு போய்விடும்.

பால் விஷயத்தை வெட்கப்பட்டுப் பேசாமல் விடுகிறார்கள். பள்ளிக்குத் திரும்புவதற்கு இரண்டு வாரம் முன்பே கையால் பீச்சி எடுத்துப் பழக வேண்டும். கொதிக்கவைத்து ஆறவிட்ட அகன்ற டம்ளரில் எடுத்து மூடி வையுங்கள். மும்பை வெக்கையில் வெளியே வைத்தால் நான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். காய்ச்சக் கூடாது, வெந்நீரில் டம்ளரை வைத்துச் சூடேற்றிச் சங்கில் புகட்டலாம். பள்ளியில் இடைவேளையில் தாழ்ப்பாள் உள்ள ஒரு அறையும் 15 நிமிஷமும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் மார்பில் பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வரும், சுரப்பும் குறையும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் தொடங்கியது நம் சயான் ஆஸ்பத்திரியில்தான். பால் எடுக்கும் முறையை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் தூக்கம் சொக்கினால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் சாப்பிட வேண்டும், கால்சியம் மாத்திரையோடு சேர்க்காமல். இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரம் விடுங்கள். கூடவே அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். பால் கொடுப்பவள் ஆறு வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது குழந்தையும் உடனே வந்துவிட்டால் மேலே சொன்ன கணக்கெல்லாம் கலைந்துவிடும்.

அப்பாவான பையனையும் மறக்க வேண்டாம். அவனும் படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போயிருப்பான். மும்பையில் இரவுப் பள்ளிகள் உண்டு. பகலில் வேலை பார்த்துக்கொண்டே பத்தாவது எழுதலாம்.

பரீட்சை நாளில் போக வர எல்லாம் சேர்த்து நாலரை மணி நேரம் ஆகிவிடும். கிளம்புகிற நிமிஷத்தில் பால் கொடுத்துவிட்டு, பால் கசிந்தால் உறிஞ்ச உடைக்குள் மடித்த பருத்தித் துணி வைத்துக்கொண்டு போகட்டும். அத்தையோ பாட்டியோ குழந்தையோடு கேட்டுக்குப் பக்கத்தில் நிழலில் காத்திருந்தால், வெளியே வந்த உடனே கொடுத்துவிடலாம்.