கிளீன் டைட்டில்னா கார் கிளீனா?

ஆறு வருஷம் சோழிங்கநல்லூர்ல நைட் ஷிஃப்ட், ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனியோட டோட்டல் லாஸ் ப்ராசஸ்ல. அடிபட்ட காரை ரிப்பேர் பண்ணா கட்டுப்படியாகாதுன்னு அங்க முடிவாயிட்டா அதோட டைட்டிலை ஓனர்கிட்டயோ லோன் குடுத்த பேங்க்கிட்டயோ வாங்கி, அந்தந்த ஸ்டேட் டிஎம்விக்கு, அதாவது அவங்க ஊர் ஆர்டிஓ ஆபீஸுக்கு, பேப்பர் ரெடி பண்ணி காரை ஏலத்துக்கு அனுப்பணும், அவ்ளோதான் வேலை. டைட்டில்னா நம்ம ஆர்சி மாதிரின்னு ட்ரெய்னிங்ல சொன்னாங்க, அது பாதிதான் சரி. அங்க ரெஜிஸ்ட்ரேஷன் தனி, டைட்டில் வீட்டுப் பத்திரம் மாதிரி.

டோட்டல் லாஸ் ஆனா டைட்டில்ல சால்வேஜ்னு முத்திரை விழும், அது இல்லன்னா கிளீன் டைட்டில். சால்வேஜ்னா நொறுங்கின வண்டி, கிளீன்னா நல்ல வண்டின்னுதான் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி டீக்கு முன்னாடி அடுத்தடுத்து ரெண்டு ஃபைல். அலபாமால பழைய கொரோலா, மதிப்பு 4,000 டாலர், கதவும் பம்பரும் மாத்த 3,200. அங்க ரிப்பேர் செலவுக்கு லிமிட் வண்டி மதிப்புல 75%, அதனால சால்வேஜ். அடுத்தது டெக்சாஸ் பிக்கப், 45,000 டாலர் வண்டி, சேஸியே வளைஞ்சிருக்கு, எஸ்டிமேட் 28,000. டெக்சாஸ்ல லிமிட் 100%, ஸோ தெரியாம எங்ககிட்ட வந்த ஃபைல்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ரிப்பேர் ஆகி கிளீன் டைட்டிலோடயே ரோட்டுக்குப் போயிருக்கும். "அண்ணா, சிஸ்டம் தப்பா காட்டுதா?"ன்னு டீம் லீடர்கிட்ட கேட்டேன். "அது வண்டியப் பாத்து போடுறது இல்லப்பா, பில்லைப் பாத்து போடுறது"ன்னுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

2017 ஆகஸ்ட்ல ஹார்வி புயல் வந்தப்போ வாரக்கணக்கா ஹூஸ்டன் ஃபைல்தான். டேஷ்போர்டு வரைக்கும் தண்ணி, இதே வரி திரும்பத் திரும்ப. முங்குன வண்டி காஞ்சதும் ஸ்டார்ட் ஆயிடும், வயரிங் கனெக்டர் அப்புறம் மெதுவா துரு புடிக்கும். எங்ககிட்ட வந்ததுக்கெல்லாம் முத்திரை விழுந்துச்சு, ஆனா வெள்ளத்துக்கு கவர் இல்லாதவங்க கிளெய்ம் பண்ணவே மாட்டாங்கல்ல, அந்த வண்டிக்கு ரெக்கார்டே கிடையாது. முத்திரை விழுந்ததையும் வேற ஸ்டேட்டுக்குக் கொண்டுபோய் புது டைட்டில் எடுத்து கழுவிடுற ஆளுங்க உண்டு, அத தடுக்கத்தான் 2009லேர்ந்து இன்சூரன்ஸ் கம்பெனிங்க மாசாமாசம் நிம்விட்டிஸ்னு ஒரு தேசிய டேட்டாபேஸுக்கு ரிப்போர்ட் பண்ணணும்னு வெச்சாங்க. நம்மூர்லயும் ரிப்பேர் செலவு ஐடிவில, அதாவது பாலிசில போட்டிருக்கிற வண்டி மதிப்புல, 75% தாண்டினா டோட்டல் லாஸ்தான், ஆனா 2015 டிசம்பர் வெள்ளத்துல முங்குன கார் எதுன்னு ஆர்சியப் பாத்து யாராவது சொல்லிட முடியுமா?

எங்க டீம்ல இருந்து டல்லாஸ் போன பையன் ஒருத்தன் போன வருஷம் போன் பண்ணான். ரீபில்ட் டைட்டில் கேம்ரி, 15,000 டாலர்தான், கிளீன்னா 21,000 ஆகும்ணே, எடுத்துடவான்னு. ரீபில்ட்னா சால்வேஜ் ஆன வண்டிய சரி பண்ணி மறுபடி ரோட்டுல ஓட்ட குடுக்குற டைட்டில். கவர்மெண்ட் செக் பண்ணித்தானே ரீபில்ட் குடுக்குதுங்கிறான், இத்தனைக்கும் அவனும் இதே ப்ராசஸ்ல உக்காந்தவன். பல ஸ்டேட்ல அந்த செக்கிங் போட்ட பார்ட்ஸ் திருட்டுப் பொருளான்னு பாக்கத்தான், பிரேக் போட்டா வண்டி நேரா நிக்குமான்னு இல்ல. மொதல்ல வின் நம்பரை, அதாவது சேஸி நம்பரை, கூகுள்ல போடுடா, ஏலத்துல எடுத்த போட்டோ கெடைக்கும், அப்புறம் இன்சூரன்ஸ்காரன்கிட்ட கேளு, ரீபில்ட் வண்டிக்கு சிலபேர் லயபிலிட்டி, அதாவது நம்ம தேர்ட் பார்ட்டி மாதிரி, அது மட்டும்தான் தருவான், லோனும் நெறைய பேங்க்ல கெடைக்காதுன்னேன்.

போட்டோ கெடச்சுது. முன்பக்கம் இடது மூலை உள்ள போயிருக்கு, ரெண்டு ஏர்பேகும் வெளிய தொங்குது. புது ஏர்பேக் வாங்கின பில்லைக் கேளுன்னேன், கேட்டான், வித்தவன் அதுக்கப்புறம் போனே எடுக்கல.

கடைசில ஆலங்கட்டி மழைல அடிபட்ட கொரோலா ஒண்ணு எடுத்தான், கிளீன் டைட்டில், இஞ்சின்ல ஒரு குறையும் இல்ல. கூரை மட்டும் பணியாரக்கல் மாதிரி இருக்குன்னு அவன் வைஃப் இன்னும் கோவில் பார்க்கிங்ல தள்ளித்தான் நிறுத்தச் சொல்லுதாம்.